நட்டால் மட்டும் போதுமா?

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தமிழர் இருக்க முடியாது. மூத்த தலைமுறைக்கு அது இன்னமும் பிட் ஸ்திரீட்தான். ஒரு முனையில் 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி ஊதுவத்திப் புகை மணக்கும் குவான் யின் கோயில். அடுத்து, குயின் ஸ்திரீட்டை நோக்கி வாசல் வைத்து, இந்தச் சாலைக்கு முதுகு காட்டி நிற்கும் மகாமாரியம்மன் ஆலயம். இன்னும் கொஞ்சம் நடந்தால், 1801-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவர் காதர் முகைதீன் காலத்தில் எழுந்த பள்ளிவாசல்.

இவ்வளவு கட்டடங்களுக்கு நடுவே நின்றுகொண்டு காட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று கேட்கலாம். பொருத்தம்தான். ஏனென்றால் இந்த நகரம் எழுந்த முனைக்கு மலாய்க்காரர்கள் வைத்திருந்த பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா லாவுட் மரங்கள் நின்ற முனை என்பது அதன் பொருள். பெனாகா லாவுட் என்பது வேறு எதுவுமில்லை, நம் சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்து மரமாகப் பாடிய அதே புன்னை.

1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கியபோது முனை முழுவதும் காடு. வெட்டி மாளவில்லை. பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடிப் போனவர்கள் வழியிலிருந்த மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்களாம். இது பினாங்கில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நடந்ததோ இல்லையோ, கதை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. காட்டை அழிக்கக் காசு இறைத்தால் போதும். அது ஒரு நாளில் நடந்துவிடும். அழித்த காட்டைத் திரும்பக் கொண்டுவரவும் காசு இறைத்தால் போதுமா?

மரம் நடுவது பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் நேயர்களிடமிருந்து வரும் கேள்விகளைத் திரட்டிப் பார்த்தால், அவை எல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. "ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் மரம் நடுகிறோம் என்கிறார்கள். நாங்களும் பள்ளியில், ஆலயத்தில், அலுவலகத்தில் நடுகிறோம். அவையெல்லாம் எங்கே போயின?" நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, முதலில் கடற்கரைக்குப் போவோம்.

கடல் கேட்ட கணக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் பினாங்கு மக்கள் சுனாமி என்ற சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டார்கள். மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தவர். விடுமுறை நாளில் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போன குடும்பங்களும் அவர்களில் அடங்கும். அதன் பிறகுதான் "பாக்காவ் மரங்கள் இருந்திருந்தால்" என்ற பேச்சு நாடு முழுவதும் எழுந்தது. 2005-இல் அரசாங்கமே கடலோரங்களில் பாக்காவையும் மற்றக் கடலோர மரங்களையும் நடும் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் சுனாமி வரும்வரை காத்திருக்காத சிலரும் இருந்தார்கள். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தைச் சேர்ந்த மீனவர்கள் 1997-ஆம் ஆண்டு முதலே பாக்காவ் நட்டு வருகிறார்கள். அவர்களை யாரும் சுற்றுச்சூழல் பாடம் சொல்லிக் கொடுத்து அழைத்து வரவில்லை. வலையில் விழும் மீன் குறைந்தது. இறால் குளம் வெட்டுவதற்காகவும் வேறு மேம்பாட்டுக்காகவும் கரையோரக் காடு மறைந்துகொண்டே போனது. காடு போன இடத்தில் நண்டும் இறாலும் போயின என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதனால் சொந்தமாகவே நாற்று எடுத்து, சேற்றில் இறங்கி நடத் தொடங்கினார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக நட்டவர்கள் அவர்கள். எனவே நட்டதைத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பட்டுப்போன இடத்தில் மீண்டும் நட்டார்கள்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பாக்காவ் காடு சுனாமியையே தடுத்து நிறுத்தும் என்று சொல்வது சரியா? கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அனைத்துலக ஆய்வுக் குழு ஒன்று, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005-இல் எழுதியது. அடுத்த ஆண்டே வேறு சில ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். அந்தக் கிராமங்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததுதான் முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். பெரிய சுனாமியின் முன் எந்தக் காடும் முழுக் கவசமாக முடியாது என்பதே நிதானமான முடிவு. ஆனால் அன்றாட அலை அரிப்புக்கும் புயலுக்கும் இந்தக் காடு பெரிய துணை. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய கடும்புயலைப் பற்றிய ஆய்வில், கடலுக்கும் கிராமத்துக்கும் இடையே கண்டல் காடு அகலமாக இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது தெரியவந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் நாளை மக்கள் நம்புவார்கள்.

சேற்றில் எப்படி மரம் நிற்கிறது?

பாக்காவ் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே மரமல்ல. தமிழில் இந்தக் காட்டைக் கண்டல் காடு, அலையாத்திக் காடு, சதுப்பு நிலக் காடு எனப் பல பெயர்களில் சொல்வார்கள். கடலை ஒட்டிய இளஞ்சேற்றில் முதலில் வந்து காலூன்றுவது அப்பி-அப்பி. தமிழ்நாட்டில் இது வெண்கண்டல். இதன் மூச்சு வேர்கள் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. அதன் பின்னே, கொஞ்சம் உயர்ந்த நிலத்தில், பந்தல்கால் ஊன்றியதுபோல் வளைந்த வேர்களுடன் நிற்பதே பாக்காவ். சிதம்பரம் பக்கத்தில் இதைச் சுரபுன்னை என்பார்கள். முனையில் நின்ற புன்னை வேறு, இது வேறு. ஆற்றோரம் உப்புக் குறைந்த இடத்தில் பெரெம்பாங் வளரும். நிபோங் திபால் கிரியான் ஆற்றில் மின்மினிகள் கூடுவது இந்த மரங்களில்தான்.

பாக்காவின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிடும். முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, முதிர்ந்ததும் கீழே விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும்; அல்லது அலையோடு மிதந்து போய் வேறிடத்தில் கரையொதுங்கி வேர்விடும். அதாவது, பக்கத்தில் தாய் மரமும், வந்து போகும் அலையும், சரியான உயரத்தில் சேறும் இருந்தால் இந்தக் காடு தன்னைத் தானே நட்டுக்கொள்ளும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நட்டவை எங்கே போயின?

சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கடலோரங்களில் உதவிப் பணம் குவிந்தது. பல அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு கண்டல் நட்டன. அவற்றின் கதி என்ன என்று பார்க்கப் போன இலங்கை ஆய்வாளர்கள், 2017-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தவை 23 திட்டப் பகுதிகள். நட்டது 1,000 முதல் 1,200 எக்டர். அதில் தேறியது ஏறத்தாழ 200 முதல் 220 எக்டர் மட்டுமே. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தப் பணம் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கப்பட்டதல்ல. நட்ட கைகளும் சோம்பேறிக் கைகளல்ல. பிறகு ஏன் தோற்றது? ஆய்வாளர்கள் காட்டிய காரணங்கள் எல்லாம் மிகச் சாதாரணமானவை. கண்டல் வளராத இடத்தில் கண்டலை நட்டார்கள். அந்தந்த நிலத்துக்கு ஏற்ற இனத்தைப் பார்க்காமல், எளிதில் கிடைத்த விதையை எல்லா இடத்திலும் குத்தினார்கள். மாடு மேய்ந்தது. படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு இளங்கன்றிலும் ஒட்டி அதைச் சாய்த்தது. நட்ட பிறகு திரும்பிப் போய்ப் பார்க்க ஆளில்லை. பராமரிப்பு தொடர்ந்த இடங்களில்தான் கன்று பிழைத்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகளாகப் பெரும் நிதியுடன் நடந்த கண்டல் நடவுகளை ஆராய்ந்தவர்கள், நீண்டகாலத்தில் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடு வரைதான் என்று 2008-இல் எழுதினார்கள். அங்கே நடந்த பெரிய தவறு, எப்போதும் நீரில் முழுகிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றுப் பரப்பில் பாக்காவை நட்டது. ஏன் அங்கே நட்டார்கள்? காலியாகக் கிடந்த இடம் அதுதான். நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே மீன் குளங்களாகிவிட்டன. அவற்றைத் திரும்பக் கேட்க யாரும் துணியவில்லை.

கேட்பதற்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இது. மரம் நடும் விழாவில் எண்ணப்படுவது நட்ட கன்று. காட்டுக்கு வேண்டியதோ பிழைத்த மரம். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம் நன்கொடையும் உழைப்பும் காணாமல் போகின்றன.

பிச்சாவரத்தில் முதலில் தோண்டியது வாய்க்கால்

தோல்வியை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையல்ல. தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்கு அருகே இருக்கும் பிச்சாவரம் கண்டல் காட்டைப் பல திரைப்படங்களில் பார்த்திருப்போம். படகில் போகும்போது பசுமையாகத் தெரியும் அந்தக் காட்டின் உட்பகுதி ஒரு காலத்தில் பல இடங்களில் வெறும் பொட்டலாகக் கிடந்தது.

காரணத்தை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1990-களில் ஆராய்ந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து அடியோடு வெட்டியெடுக்கும் வழக்கம் இருந்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் பட்டது. ஈரம் வற்றி நிலம் தட்டுபோல் உள்ளே அமுங்கியது. பெருநீரில் உள்ளே வந்த கடல்நீர் வற்றுநீரில் வெளியேற முடியாமல் அந்தத் தட்டில் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. கண்டல் உப்பைத் தாங்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அங்கே விதை விழுந்தாலும் கருகிவிடும். எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அதே கதிதான்.

எனவே அவர்கள் முதலில் கையிலெடுத்தது கன்றை அல்ல, மண்வெட்டியை. அருகிலிருந்த இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சிறு கிளை வாய்க்கால்கள் என மீன் முள் வடிவில் வெட்டினார்கள். பெருநீரில் கடல் உள்ளே வந்தது, வற்றுநீரில் வெளியே போனது. உப்புக் குறைந்தது. அதன் பிறகே கன்றுகள் நடப்பட்டன. அந்தப் பகுதிக் கிராம மக்கள் குழு அமைத்து, வனத்துறையோடும் நிறுவனத்தோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். வாய்க்காலில் சேறு அடைத்தால் தூர்வாரும் பொறுப்பு அவர்களுடையது. பொட்டல் மீண்டும் பச்சையானது.

இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பினாங்கிலிருந்து தெற்கே, பேராக் மாநிலத்தின் மாத்தாங் பாக்காவ் காட்டைப் பார்க்கலாம். சுமார் 40,000 எக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டுப் பராமரிக்கப்படும் காடு. கோல செபெத்தாங் கரிச்சூளைகளுக்கு இங்கிருந்துதான் மரம் போகிறது. 30 ஆண்டு சுழற்சியில் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் இயற்கையாக எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பார்த்து, குறைந்த இடத்தில் நாற்று நடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் வெட்டியும் காடு நிற்கிறது என்றால், வெட்டிய பிறகும் யாரோ போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள்.

மலையில் என்ன நிலை?

"கடலோரத்துக்குச் சொன்னது மலைக்கும் பொருந்துமா?" இதுவும் நேயர்கள் அடிக்கடி கேட்பது. பினாங்கில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பெய்த பேய்மழையிலும் வெள்ளத்திலும் பினாங்கில் 7 உயிர்கள் போயின. இப்படிப்பட்ட பேரிடர்களுக்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் சரிவான நிலத்தில் வேரின் பிடி இல்லாவிட்டால் மண் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பொருத்தம் உண்டு, வழிமுறைதான் வேறு. மொட்டையடிக்கப்பட்ட மலைச்சரிவில் மேல்மண் போயிருக்கும். மிஞ்சிய மண் கனரக இயந்திரம் ஏறி இறுகியிருக்கும். அங்கே முதலில் வருவது லாலான் புல். லாலான் காய்ந்தால் தீப்பிடிக்கும். தீயில் இளங்கன்றுகள் எரியும். எரிந்த இடத்தில் மீண்டும் லாலானே தழைக்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் முதல் வேலை. மண் அரிப்பைத் தடுக்க வேண்டும். தீ வராமல் பார்க்க வேண்டும். லாலானை அடக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு, அருகில் காடு இருந்தால், பறவையும் வௌவாலும் விதை கொண்டு வரும். மகாங் போன்ற முன்னோடி மரங்கள் தாமாக எழும்பும். அவற்றின் நிழலில்தான் பெருமரங்களின் கன்றுகள் நிம்மதியாக வளர முடியும்.

பறவை கொண்டு வர முடியாத விதைகளும் உண்டு. நம் காட்டின் அரசர்களான மெராந்தி, செங்கால் போன்ற மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காடே சேர்ந்து காய்க்கும். அந்த விதையை டப்பாவில் போட்டுச் சேமிக்கவும் முடியாது. விழுந்த சில நாளிலேயே முளைக்கும், இல்லாவிட்டால் செத்துவிடும். ஆகவே காய்க்கும் பருவத்தைக் காத்திருந்து, விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து வைக்க வேண்டும். மனிதக் கை உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். அதற்குப் பதில், விரைவாக வளரும் ஏதோ ஒரே மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று பெயர் வைப்பது காடாகாது, அது தோட்டம்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு நாள் போய்வரலாம். 1920-களில் அது ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. நட்டு, காத்து, மீண்டும் நட்டு, இன்று சுமார் 544 எக்டரில் வானளாவிய மழைக்காடாக நிற்கிறது. அது தேசிய மரபுடைமையாகவும் அறிவிக்கப்பட்டது.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போகும் பக்தர்கள், கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பினாங்குத் தாவரவியல் பூங்கா வரும். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று அந்தப் பூங்காவை உருவாக்கத் தொடங்கியபோது அது கருங்கல் உடைத்த பழைய கல்குவாரி. இன்று அங்கே காலாற நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியாமல் போனதே அந்தப் பணியின் வெற்றி.

நடுவதற்கு முன் காப்பது

பினாங்குத் தமிழர்கள் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய ஒருவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதிலேயே பினாங்கு வந்தவர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கும், 1977-இல் தொடங்கப்பட்ட சஹாபாட் ஆலாம் மலேசியாவுக்கும் நீண்ட காலம் தலைமை வகித்தார். சரவாக் காடுகளைக் காக்க அந்த மண்ணின் பழங்குடி மக்களோடு நின்று போராடியதற்காக, சஹாபாட் ஆலாமின் சரவாக் கிளைக்கு 1988-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. கரையோர மீனவர்களோடு சேர்ந்து பாக்காவ் நடும் பணியிலும் அவ்வமைப்பு ஈடுபட்டது. 2019-இல் முகமது இட்ரிஸ் காலமானார்.

அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற பாடம் எளிமையானது. நிற்கும் காட்டைக் காப்பதுதான் ஆகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய காடு வளர்ப்பு. கொடிமலையையும் அதைச் சுற்றிய காடுகளையும் கடற்பகுதியையும் சேர்த்து 12,481 எக்டர் பரப்பை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. இந்தக் காடு பக்கத்தில் இருக்கும்வரைதான் சேதமான சரிவுகளுக்கு விதை வரும். தாய் மரத்தை வெட்டிவிட்டு ஆயிரம் கன்று நட்டேன் என்று சொல்வது, வீட்டை விற்றுவிட்டு வாசலுக்குக் கோலம் போடுவது போன்றது.

கை கொடுப்பது எப்படி?

2021 முதல் 2025 வரை 10 கோடி மரம் நடும் இலக்குடன் அரசாங்கம் ஓர் இயக்கத்தையே நடத்தியது. தனியார் நிறுவனங்களும் பள்ளிகளும் ஆலயங்களும் மரம் நடப் பணமும் ஆளும் தருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் காசு கொடுப்பதற்கு முன், சேற்றில் இறங்குவதற்கு முன், ஏற்பாட்டாளர்களிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

முதலாவது: இங்கே முன்பு என்ன காடு இருந்தது? பதில் தெரியாவிட்டால் எந்த மரம் நடுவது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. காலங்காலமாகப் புல்வெளியாகவோ சேற்றுப் பரப்பாகவோ இருந்த இடம் வெற்றிடமல்ல. வலசைப் பறவைகள் இரை தேடும் சேற்றுப் பரப்பில் மரம் நடுவது நன்மையல்ல.

இரண்டாவது: அந்தக் காடு ஏன் போனது? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? நீரோட்டம் அடைபட்டிருந்தால் அதைத் திறக்க வேண்டும். மாடு மேய்ந்தால் வேலி வேண்டும். அதே நிலம் இன்னும் மூன்றாண்டில் மேம்பாட்டுக்குப் போகும் என்றால் நடுவதே வீண்.

மூன்றாவது: நட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை ஆண்டு? பதிலில் ஓர் ஊரோ ஒரு சங்கமோ ஒரு பொறுப்பாளரோ இருக்க வேண்டும். அவர்களுக்குக் கூலியும் இருக்க வேண்டும். மீனவர் சேற்றில் இறங்கி ஒரு நாள் கன்று பார்க்கிறார் என்றால், அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. அந்த நாளுக்கான கூலியைக் கொடுப்பது தானமல்ல, நியாயம்.

நான்காவது: போன ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் நட்டதில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன? நன்றாகச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்கள். பட்டுப்போனதையும் மறைக்க மாட்டார்கள்.

பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒரு புது இடத்தில் நூறு கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, ஒரே இடத்தை ஐந்தாண்டுக்கு ஏற்றுக்கொள்ளலாம். முதலாண்டு நடலாம். அடுத்த நான்காண்டுகளும் அதே நாளில் போய்க் களை எடுக்கலாம், செத்ததை எண்ணலாம், அந்த இடத்தில் மறுபடி நடலாம். முதல் வகுப்பில் நட்ட பிள்ளை ஆறாம் வகுப்பில் தன்னைவிட உயரமான மரத்தின் பக்கத்தில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு மரத்தின் அருமையைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் மரம் நட நன்கொடை கொடுக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்கள், ஒரு கன்றுக்குக் கொடுப்பதோடு அந்தக் கன்றின் மூன்றாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மீண்டும் அதே சாலையில்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இனிக் காடு வரப் போவதில்லை, வரவும் வேண்டாம். நகரம் மக்களுக்காக இருக்கிறது. ஆனால் இந்தச் சாலையில் நிற்கும் வழிபாட்டுத் தலங்கள் நமக்கு ஒன்றைச் சொல்கின்றன. இவற்றை எழுப்பியவர்கள் ஒரு நாள் விழா எடுத்துவிட்டுப் போய்விடவில்லை. இருநூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் தினமும் கதவைத் திறக்கிறார், விளக்கேற்றுகிறார், தரையைக் கூட்டுகிறார். ஒழுகினால் கூரையைச் சரிசெய்கிறார். அதனால்தான் இவை நிற்கின்றன.

காடும் அப்படித்தான். பீரங்கியில் காசு போட்டுச் சுட்டால் காடு அழியும். அதே காசைப் போட்டுச் சுட்டால் காடு முளைக்காது. திரும்பிப் போய்ப் பார்க்கும் கால்கள் வேண்டும். அடுத்த முறை யாராவது மரம் நட அழைத்தால், கட்டாயம் போங்கள். கன்றைக் கையில் வாங்கும்போதே, "அடுத்த ஆண்டு இதைப் பார்க்க எப்போது வரலாம்?" என்று கேளுங்கள். எல்லாரும் கேட்கத் தொடங்கினால், நட்ட எண்ணிக்கையை அறிவித்தவர்கள் பிழைத்த எண்ணிக்கையையும் அறிவிக்கத் தொடங்குவார்கள்.